காதுக்கு வைத்த தேர்வில் கண் தோற்றது

சீனாவில் பள்ளிப் படிப்பை முடித்த யாரிடமாவது "அந்தச் சட்டை என்ன விலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ் என்று பதில் வரும். கூடவே ஒரு சிரிப்பும் வரும். ஆங்கிலக் கேட்டல் தேர்வின் தொடக்கத்தில் அச்சாகியிருக்கும் மாதிரிக் கேள்வி அது. பல வருஷமாக மாறவே இல்லை. மாதத் தேர்வு, மாதிரித் தேர்வு, பொதுத்தேர்வு என்று எந்தத் தாளை எடுத்தாலும் அதே சட்டை, அதே மூன்று விலை. மூன்று வருஷம் வாராவாரம் இதைக் கேட்டு வளரும் பிள்ளைகள், அடுத்து வரும் முதல் உரையாடலிலேயே ஏன் தடுமாறுகிறார்கள் என்பதைத்தான் கொஞ்ச காலம் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நான் மலேசியாவில் சீனப்பள்ளியில் படித்த தமிழன். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. மேண்டரின் தெரிந்தால் நாளைக்கு வேலைக்கு உதவும் என்று பிள்ளைகளைச் சீனப்பள்ளியில் போடும் இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு. பிறகு இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன், அதற்கப்புறம் மொழித்தேர்வு பற்றி முதுகலை படிக்க ஹூனான் மாகாணத்தின் தலைநகர் சாங்ஷாவுக்குப் போனேன். அங்கே என் பேராசிரியர் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நடத்திய ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொண்டார். கேட்டலையும் வாசித்தலையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது திட்டம். சாங்ஷாவிலிருந்து அதிவேக ரயிலில் போய், பிறகு பேருந்து பிடித்துப் போக வேண்டிய ஊர் அது. வகுப்புக்கு ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மேஜைகளில் புத்தகங்கள் மதில் மாதிரி அடுக்கியிருக்கும், அதற்குப் பின்னால்தான் முகம் தெரியும்.

தேர்வின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். ஹூனானில் 2021 முதல் புதிய முறைத் தாள். முதலில் கேட்டல்: 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், ஆக 30. அடுத்தது வாசித்தல். நான்கு பத்திகளில் 15 கேள்வி, பிறகு ஐந்து இடங்கள் வெட்டப்பட்ட ஒரு கட்டுரைக்கு ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொறுக்கிப் பொருத்துவது. கேள்விக்கு இரண்டரை என்று மொத்தம் 50. மிச்சம் கோடிட்ட இடம் நிரப்புவதும் எழுதுவதும். ஆக 150-இல் 80 இந்த இரண்டு திறனுக்கே போகிறது. பள்ளிகள் இந்த 80-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் ஆச்சரியம் இல்லை.

கேட்டல் பகுதியின் நேரக் கணக்குதான் இதில் முக்கியம். முதல் ஐந்தும் குட்டி உரையாடல்கள். ஒரே முறைதான் ஒலிக்கும். முடிந்ததும் பத்து விநாடி தருவார்கள். அதற்குள் விடையைக் குறித்து, அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். பிறகு வரும் ஐந்து நீளமான உரையாடல்களும் பேச்சுகளும் இரண்டு முறை ஒலிக்கும். அவற்றுக்கு முன்னால், கேள்விக்கு ஐந்து விநாடி என்று வாசிக்க அவகாசம் உண்டு. கேள்வியும் மூன்று விடைகளும் தாளில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். கேள்வியில் ஏழெட்டு சொல், விடைக்கு நான்கு சொல் என்று வைத்தாலே இருபது சொல் ஆகிறது. ஐந்து விநாடியில் இருபது சொல் என்றால் நிமிடத்துக்கு 240. பதினாறு வயதுப் பிள்ளை, இரண்டாம் மொழியில், பதற்றத்தோடு! வாசித்தல் பகுதியில்கூட யாரும் இந்த வேகத்தைக் கேட்பதில்லை.

இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பையனைப் பார்த்துத்தான் பிடித்தேன். நடு வரிசையில் இருந்தான். ஒலிப்பதிவு ஓடும்போது அவன் பென்சில் முனை விடைகளின் மேல் சொல் சொல்லாக நகர்ந்தது. உதடும் கூடவே அசைந்தது. பெண் குரல் தன் பதிலைச் சொல்லி முடித்தபோது பென்சில் இரண்டாவது விடையின் நடுவில்தான் இருந்தது. அவன் எதையும் கேட்கவே இல்லை, படித்துக்கொண்டிருந்தான். ஒலிப்பதிவு நின்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு எதையோ குறித்தான். மதிப்பெண் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே "கேட்டல் பலவீனம்" என்று வகுப்பு ஆசிரியை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். இன்னும் நிறையக் கேட்கச் சொல்லியிருந்தார். அவனும் பாவம், வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்த் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் தேர்வை மாற்றி அமைத்தோம். எந்த ஆசிரியரும் செய்யக்கூடிய வேலைதான். முதலில் வழக்கம்போலக் கேட்டல் தேர்வு. விடையைச் சொல்லாமல் தாளை வாங்கி வைத்துக்கொள்வது. சில நாள் கழித்து, அதே உரையாடல்களை அப்படியே எழுத்தில் கொடுத்து, அதே கேள்விகளுக்கு வாசித்து விடை எழுதச் சொல்வது. நேரக் கெடுபிடி வேண்டாம். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முதல் முறை கேட்டது நினைவில் இருக்குமே என்ற கேள்வி வரும். வரத்தான் செய்யும். அதனால் இரண்டு வகுப்பு இருந்தால், ஒரே உரையாடல் தொகுப்பை ஒரு வகுப்புக்குக் கேட்டலாகவும் மற்றதற்கு வாசித்தலாகவும் கொடுத்து, அடுத்த தொகுப்பில் மாற்றிப் போடுங்கள். வகுப்புகளின் சராசரியை ஒப்பிட அது சுத்தமான வழி. தனிப்பட்ட மாணவனைப் புரிந்துகொள்ளத்தான் ஒரே ஆளிடம் இரண்டையும் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு விதமாகவும் செய்தோம்.

கேட்டபோதும் தப்பு, படித்தபோதும் தப்பு என்றால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லோ இலக்கணமோ தெரியவில்லை. இன்னும் ஆயிரம் முறை கேட்கச் சொல்லிப் பயனில்லை. கேட்டபோது தப்பு, படித்தபோது சரி என்பதுதான் ஆராய வேண்டிய கூட்டம், அதற்கு வருகிறேன். மூன்றாவதாக ஒரு வினோதக் கூட்டம் இருந்தது. கேட்டபோது சரி, எழுத்தில் படித்தபோது தப்பு! இது எப்படி என்று முதலில் முழித்தோம். பெரும்பாலும் குருட்டாம்போக்குதான். மூன்று விடையில் ஒன்று என்றால் இருபதில் ஆறு ஏழு கேள்வி கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சரியாகும். அதாவது முப்பதுக்குப் பத்து மதிப்பெண் அதிர்ஷ்டத்தில் வந்துவிடும். பன்னிரண்டு எடுத்தவனைப் பார்த்து "பரவாயில்லை, கொஞ்சம் புரிகிறது" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

குருட்டாம்போக்கைப் பிரித்தெடுக்க ஒரு எளிய வழி வைத்தோம். ஒவ்வொரு கேள்வி எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடச் சொன்னோம். நிச்சயமாகக் கேட்டேன் என்றால் வட்டம், பாதி புரிந்து ஊகித்தேன் என்றால் முக்கோணம், ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் பெருக்கல் குறி. இதற்கு மதிப்பெண் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை எல்லாரும் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டு வைத்தார்கள்! தாளை யார் பார்ப்பார்கள், வகுப்பு ஆசிரியைக்குப் போகுமா என்ற பயம். பெயருக்குப் பதில் அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு எண்ணை எழுதலாம் என்று மாற்றிய பிறகுதான் முக்கோணமும் பெருக்கல் குறியும் வர ஆரம்பித்தன. அந்த எண்ணை வைத்தே இரண்டு தாளையும் இணைத்துக்கொண்டோம். நம்பிக்கையோடு வட்டம் போட்டுத் தப்பாக எழுதிய கேள்விகள்தான் பெரிய புதையல். பிள்ளை எதையோ தெளிவாகத் தவறாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அந்த இரண்டாவது கூட்டம். அவர்களுக்கு மட்டும் மூன்றாவது ஒரு சுற்று. புது ஒலிப்பதிவு, அதே அளவு கடினம். கேள்வித்தாளை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, நிதானமாகப் படித்து, தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் விட்டோம். எல்லாரும் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் ஒலிப்பதிவைப் போட்டோம். அந்தப் பென்சில் பையன் உட்படக் கணிசமான பேர் தெளிந்துவிட்டார்கள். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்தான் மெதுவாக இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கேட்டல் பயிற்சி கொடுப்பதைவிட, மூன்று விடைகளிலும் வேறுபடும் சொல்லை மட்டும் பார்க்கப் பழக்குவதும், சின்னச் சின்ன ஆங்கில வரிகளை வேகமாக வாசிக்க வைப்பதும்தான் வேலைக்காகும். மூன்று விடையும் "அவள் போவது" என்று தொடங்கினால் அதை மூன்று முறை படிக்கத் தேவையில்லை, கடைசிச் சொல்லில் கண்ணை வைத்தால் போதும். இதைச் சொல்லிக் கொடுத்தபோது சில பிள்ளைகள் முகத்தில் "இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லவில்லை?" என்ற எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது.

நேரம் கொடுத்தும் தேறாதவர்களுக்குத்தான் உண்மையிலேயே ஒலிப் பிரச்சினை. அவர்களோடு உட்கார்ந்து, விடை இருந்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போட்டு, காதில் விழுந்ததை எழுதச் சொன்னோம். இங்கேதான் ஹூனான் வந்து எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கத்துப் பேச்சில் 'ந'வும் 'ல'வும் பலருக்கு ஒன்றுதான். 'ஹ'வும் 'ஃப'வும் கலக்கும். ஹூனானைச் சொந்த ஊர்க்காரர்களே 'ஃபூலான்' என்கிறார்கள் என்று சீனா முழுக்க ஒரு கிண்டல் உண்டு. எங்கள் ஒலிப்பதிவில் ஒரு பெண் 'லைட் மீல்' சாப்பிட்டேன் என்றாள். ஒருவர் தாளில் 'நைட் மீல்' என்று இருந்தது. இன்னொருவர் தாளிலும் அதே. இரவுச் சாப்பாடு என்று பொருளும் பொருந்திப் போகிறது பாருங்கள், அதனால் சந்தேகமே வரவில்லை. எல்லாரும் பக்கத்தில் வட்டம் போட்டிருந்தார்கள். வட மாகாணத்திலிருந்து அப்பாவின் வேலை மாற்றலால் வந்து சேர்ந்த ஒரு பெண் மட்டும் சரியாக எழுதியிருந்தாள். ஆசிரியையிடம் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானே அப்படித்தான் பேசுகிறேன், பிள்ளைகளை என்ன சொல்வது?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து 'நைட்' 'லைட்', 'ஸ்னோ' 'ஸ்லோ' என்று ஜோடி ஜோடியாகக் கேட்க வைத்தார். பல மாகாணங்களுக்கும் பொதுவாக எழுதும் தாளில் இந்த ஊரின் காதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. உள்ளூர் ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.

மற்ற ஒலித் தடுமாற்றங்கள் எதிர்பார்த்தவையே. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பம். இரண்டு சொல் ஒட்டிப் பேசும்போது காணாமல் போகும் ஓசைகள். எழுத்தில் நன்றாகத் தெரிந்த சொல்லையே காதில் அடையாளம் தெரியாமல் விடுவது. இன்னொன்று, அவர்களுக்குப் பழகியது ஸ்டூடியோவில் பதிந்த ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், பிரிட்டிஷ் அல்லது அமெரிக்கப் பேச்சு. ஒருநாள் மின்சாரம் போய் நானே ஒரு பத்தியை வாசித்தேன். என் மலேசிய ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அதனால் புதுக் குரலில் தேர்வு வைப்பதாக இருந்தால், மதிப்பெண் இல்லாத ஒரு பகுதியை முதலில் போட்டுக் காது பழக விடுங்கள்.

கருவி விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளியில் ஒலி வருவது கரும்பலகைக்கு மேலே மாட்டிய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டேன். மின்விசிறி ஓடினால் சொற்களின் கடைசி மெய் எழுத்துகள் சுத்தமாகக் காணாமல் போயின. 'க்ளாஸ்', 'க்ளாஸஸ்' வித்தியாசம் அங்கே கிடையாது. சீனப் பள்ளிகளில் இருக்கைகளை வாராவாரம் சுழற்றி மாற்றும் வழக்கம் பரவலாக உண்டு. அதனால் போன மாதம் முன்வரிசையில் இருந்தவன் இந்த மாதம் பின்வரிசை. கேட்டல் மதிப்பெண் இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எந்த வாரம் யார் எங்கே உட்கார்ந்தார் என்று தாளிலேயே வரிசை எண் எழுதச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை. பொதுத்தேர்வு நாளில் இதற்கெல்லாம் நாடே ஒத்துழைக்கும். ஜூன் 8 பிற்பகல் மூன்று மணிக்கு ஆங்கிலம். மற்ற பாடங்களுக்கு மாறாக, இரண்டே முக்காலுக்குப் பிறகு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். தேர்வு மையத்தைச் சுற்றி ஹார்ன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நிறுத்தப்படும். சாதாரண மாதத் தேர்வில் கீழே விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி எழுதுவதில் கற்றது தனிக் கதை. ஒரு உரையாடல் எழுதினோம். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிறான். மூன்றரைக்கு என்கிறாள். தாமதமாகும் என்று யாரோ சொன்னார்களே என்கிறான். இல்லை, அது வேறு ரயில் என்கிறாள். விடை மூன்றரை, அவ்வளவுதான். திருத்திப் பார்த்தால், கடைசி நிலை மாணவர்கள் சரியாக எழுதியிருந்தார்கள், முதல் நிலை மாணவர்கள் பாதிப் பேர் தப்பு. கூப்பிட்டுக் கேட்டபோது ஒரு பெண் அலுத்துக்கொண்டே சொன்னாள்: "லாவ்ஷி (ஆசிரியரே), முதலில் சொல்லும் நேரம் ஒருபோதும் விடையாக இருக்காதே!" கூட்டிக் கழித்து வருவதே விடை என்று பயிற்சித் தாள்கள் பழக்கியிருக்கின்றன. தாமதம் என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டல் ஆரம்பம், மிச்சத்தைக் கேட்பதில்லை. கெட்டிக்காரர்கள் தோற்று மற்றவர்கள் ஜெயிக்கும் கேள்வியைத் தேர்வுக் கணக்கில் மோசமான கேள்வி என்று தூக்கிப் போட வேண்டும். மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனால் வகுப்பில் பேசுவதற்கு அதைவிட நல்ல கேள்வி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம் என்று இரண்டு குழு எடுக்கிறோம். ஐம்பது பேர் வகுப்பில் பதின்மூன்று, பதின்மூன்று பேர். ஒரு கேள்விக்கு மேல் குழுவில் எத்தனை சதவீதம் சரி, கீழ்க் குழுவில் எத்தனை சதவீதம் சரி என்று கழித்தால் போதும். வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாலோ எதிர்மறையாகப் போனாலோ அந்தக் கேள்வியை எடுத்து மறுபடி படிக்க வேண்டும். எக்செல்லில் ஒரு மாலை வேலை. சீனப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்டபாடு. கேள்வியின் "கடினக் குணகம்" என்று வாய்க்கு வாய் சொல்வார்கள். அந்த எண் கூடினால் கேள்வி சுலபம் என்று பொருள், பெயருக்கு நேர் எதிர்! புதிதாகப் போகிறவர்கள் இதில் கவனமாக இருக்கவும்.

வாசித்தலுக்கு வந்தால், நாங்கள் முதலில் செய்தது பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் கொடுத்ததுதான். பிள்ளைகள் இதை விளையாட்டு என்று நினைத்து உற்சாகமாக எழுதினார்கள். நான்கு விடையில் ஊகித்தால் கால்வாசிதான் சரியாக வேண்டும். சில கேள்விகளுக்கு வகுப்பில் பெரும்பாலோர் சரி! அந்தக் கேள்விகள் எதையும் அளக்கவில்லை. ஒன்றில் மூன்று விடைகள் அபத்தமாக இருந்தன. இன்னொன்றில் "எல்லாரும்", "ஒருபோதும்", "மட்டுமே" போன்ற சொல் வந்த விடைகளைக் கழித்தால் மிச்சம் ஒன்றுதான். மாணவர்களிடம் ஒரு வாய்ப்பாடே இருக்கிறது: மூன்று நீளம் ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு, இரண்டுக்கு இரண்டு என்றால் பி. சீன மொழியில் எதுகையோடு பாட்டு மாதிரிச் சொல்வார்கள். பொதுத்தேர்வுத் தாளில் நான்கு விடையும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்கும், அங்கே இந்த வாய்ப்பாடு செல்லாது. நாம் வீட்டில் உட்கார்ந்து தயாரிக்கும் தாளில்தான் சரியான விடையைப் பாதுகாப்பாக எழுதுகிறேன் என்று நீட்டிவிடுகிறோம். எழுதி முடித்ததும் சரியான விடைகளின் சொற்களை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, பத்தியைப் படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று சீனத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னோம். ஆங்கிலத்தில் கேட்டால் எழுதும் திறன் குறுக்கே வரும். சீனத்தில் கேட்டால் புரிந்தது மட்டும் தெரியும். பதின்ம வயதுக் கையெழுத்தில் சீன எழுத்தைப் படிப்பது எனக்குத்தான் பரீட்சையாக இருந்தது, ஆசிரியை உதவாவிட்டால் முடிந்திருக்காது. நான்கு கேள்வியும் சரியாகப் போட்ட ஒருவன், பத்தி சொன்னதற்கு நேர் எதிராக எழுதியிருந்தான். மின்விளக்கு வெளிச்சம் பறவைகளைத் திசைமாற்றுகிறது என்பது பத்தி. வெளிச்சம் பறவைகளுக்கு வழிகாட்டுகிறது என்று அவன் எழுதினான். விசாரித்தால், அவன் பத்தியைப் படிக்கவே இல்லை. கேள்வியில் உள்ள பெயர், ஆண்டு, இடம் இவற்றைப் பத்தியில் தேடி, அந்த வரியை மட்டும் பார்த்திருக்கிறான். நேரம் மிச்சம் பிடிக்க இப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். தேர்வுக்கு இது புத்திசாலித்தனம், நான் குறை சொல்ல மாட்டேன். வாசிப்பை அளக்க விரும்புகிற நாம்தான், ஒரு வரியைத் தேடி எடுத்து விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்றிரண்டாவது வைக்க வேண்டும். தலைப்பு என்னவாக இருக்கலாம், எழுத்தாளர் எந்தப் பக்கம் சாய்கிறார், இந்த மூன்றாவது பத்தி எதற்கு என்பது போல.

ஏழில் ஐந்தைப் பொருத்தும் பகுதி இந்த வகையில் நன்றாக வேலை செய்கிறது. முன்வரியும் பின்வரியும் படிக்காமல் அதில் தப்பிக்க முடியாது. ஆனால் ஒன்று தப்பினால் அந்த வாக்கியம் வேறொரு இடத்தையும் கெடுத்துவிடும். இரண்டு பிழை என்பது பெரும்பாலும் ஒரே பிழைதான். அதைப் பார்த்து யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

சோதனை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் மேஜையில் தலை வைத்துத் தூங்குவார்கள். பொதுத்தேர்வு மூன்று மணிக்கு என்பதால் மாதிரித் தேர்வையும் அதே மூன்று மணிக்கு வைப்பார்கள், உடம்பு பழகட்டும் என்று. எங்களுக்கு முதலில் கிடைத்தது இரவு சுயபடிப்பு நேரத்தின் கடைசிப் பகுதி. காலை ஆறரைக்குச் சத்தமாகப் பாடம் வாசிக்க ஆரம்பித்த பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் எந்த மொழியும் காதில் ஏறாது. அந்த விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு, ஆசிரியையிடம் கெஞ்சி ஒரு பிற்பகல் வாங்கினோம். கேட்டல் தேர்வின் முடிவை எந்த மணிக்கு வைத்தது என்று எழுதாமல் யாராவது காட்டினால் நான் இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

மதிப்பெண்ணையும் தர வரிசையையும் பள்ளிகள் பகிரங்கமாக வெளியிடக் கூடாது என்று 2021 செப்டம்பர் முதல் விதி இருக்கிறது. ஆனால் சுவரில் ஒட்டாவிட்டாலும் பிள்ளைகளுக்கு எல்லாருடைய இடமும் தெரியும். எங்கள் சோதனை எந்தப் பட்டியலிலும் சேராது என்று ஆசிரியை வகுப்பின் முன் நின்று சொன்ன பிறகுதான் அவர்கள் உண்மையாகப் பேசினார்கள். வெளியாள் நான் சொன்னபோது தலையாட்டினார்களே ஒழிய நம்பவில்லை.

பெய்ஜிங், குவாங்டோங் போன்ற இடங்களில் கேட்டலும் பேசுதலும் கணினியில், காதில் ஹெட்போன் மாட்டி நடக்கின்றன. குவாங்டோங்கில் 2011-லிருந்தே அப்படி. அங்கே இருக்கைத் தொல்லையும் மின்விசிறித் தொல்லையும் இல்லை. எங்கள் பள்ளிக்கு அது உடனே வருவதாகத் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது ஆசிரியைகள் எங்கள் முறையில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தேன். வட்டம், முக்கோணக் குறிகளை விட்டுவிட்டார்கள். ஐம்பது தாளில் அதை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார்கள், அது நியாயம்தான். சீனத்தில் இரண்டு வரி எழுதுவதை முதலாம் ஆண்டு வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேட்டதையே எழுத்தில் கொடுத்துப் பார்ப்பது எல்லா வகுப்பிலும் நிலைத்துவிட்டது, மாதத் தேர்வு முடிந்த அடுத்த வாரம், கேட்டலில் பாதிக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும். பின்வரிசைக்கு இன்னொரு ஸ்பீக்கர் கேட்டு மனு எழுதியிருந்தார்கள், அது நிர்வாகத்தின் மேஜையில் இருந்தது.